பதினான்காம் கேள்வி

தசை எதுவும் ஒட்டாத எலும்பு எது?

வண்டி நிறுத்தத்தின் காவல் கூண்டுக்குள்
முழங்கால் உயர ஹீட்டர் ஒன்று
இடது காலைச் சுடுகிறது,
வலது காலை மறந்துவிடுகிறது.
வெளியே உலான்பாட்டர், மைனஸ் முப்பத்திரண்டு.
நாளை ஒன்பது மணிக்கு
உடற்கூற்றியல் வாய்மொழித் தேர்வு.
மடியில் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்,
நகலின் நகல்,
ஓரத்தில் யாரோ சிந்திய உப்புத் தேநீர்க் கறை.

பதினான்கைத் தள்ளிவைக்கிறேன்.

அறுபத்து மூன்று.
குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் என்ன செய்யும்?
சுருங்கும்.
விரல்நுனியைக் கைவிட்டு
நடுவீட்டைக் காக்கும்.
இதற்குப் புத்தகம் எதற்கு?
நிலக்கரி தீர்ந்துபோன அந்த வாரம்
எங்கள் வட்டக் கூடாரத்திலும் இதுவே நடந்தது:
சுவரோரக் கட்டில்கள் காலியாகி
ஏழு பேரும் அடுப்பைச் சுற்றி
ஒரே உடம்பானோம்.

ஹாரன்.
தடுப்புக் கம்பியை உயர்த்துகிறேன்;
உயர்த்தியது தோளின் முக்கோணத் தசை.
வாங்கிய நோட்டு ஐந்நூறா ஆயிரமா
விரலுக்குத் தெரியவில்லை,
விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறேன்.

எழுபது.
மூச்சு முழுவதையும் வெளியே தள்ளிய பின்
நுரையீரலில் எஞ்சுவது எவ்வளவு?
ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு மில்லி.
எத்தனை ஊதினாலும் போகாத காற்று.
எங்கள் குன்றுப் பக்கத்தில்
அதற்குக் கரிப்புகை நெடி.
விடையில் இதை எழுதினால் மதிப்பெண் இல்லை.

நூற்றைந்து, அச்சில் பாதி அழிந்திருக்கிறது:
‘இதயம் ஏன்’
அதற்கு மேல் மை இல்லை.
ஹாலியுனைக் கேட்டேன், போனில்.
அவள் தாளிலும் அங்கேதான் அழிந்திருக்கிறதாம்.

காலையில்
டாக்டர் செவெல்மா கண்ணைக் கட்டச் சொன்னார்.
கட்டியது என் சொந்த மப்ளர்தான்.
உள்ளங்கையில் எதையோ வைத்தார்.
“என்ன இது, நொமின்சுல்? இடதா, வலதா?”

எனக்கு முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.
வெள்ளை மாதப் புத்தாண்டு தோறும்
கம்பளத்தில் உருட்டி விளையாடிய
ஆட்டுக் கணுக்கால் எலும்பின் அக்காள் இது.
குதிரை விழுந்தால் அதிர்ஷ்டம்.
அப்புறம் ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு;
நான்கு முகமும் என் கட்டைவிரலுக்கு மனப்பாடம்.
தடவித் தடவித் தேடுகிறேன்,
குதிரை இல்லை.
ஆட்டு எலும்புக்கு மேலும் கீழும் கப்பி,
மனிதருடையதற்கு மேலே மட்டும்.
எறிந்து பார்த்தாலும்
எந்த விலங்காகவும் விழாது.

“கணுக்கால் எலும்பு, தாலஸ்” என்றேன்.
“தசை எதுவும் ஒட்டாதது.”
பதினான்கு தானாக வந்து நின்றது வாயில்.
யாரும் பிடித்து இழுக்காத எலும்பு.
மேலே உடம்பு மொத்தமும் உட்கார,
கீழே தரை முட்ட,
இடையில் சும்மா இருப்பதே
அதன் வேலை.

“இடதா, வலதா என்று கேட்டேன்.”

“இடது.”

“வலது.”
பேனா கீறும் சத்தம்.
ஒன்றரை மதிப்பெண்.

மப்ளரை அவிழ்த்தேன்.
பழுப்பேறிய எலும்பு, மையில் எழுதிய பதினொன்று.
ஒரு விளிம்பு மட்டும் சோப்புக்கட்டிபோல் தேய்ந்திருந்தது.
நிறைய நடந்தவரா,
சாய்ந்து நடந்தவரா,
சேணத்திலேயே வாழ்ந்துவிட்டு
இறங்கிய பிறகு தரை பழகாதவரா?
கேட்க வாயெடுத்தேன்.
அடுத்த பெயரை அழைத்துவிட்டார்.

இரவு. அதே கூண்டு.
ஹீட்டர் இன்று யாரையும் சுடவில்லை.
உட்கார்ந்தால் உறைந்துவிடுவேன் என்று
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன்.
வலது, என்று சொல்லிக்கொண்டு
எடை முழுவதையும் அங்கே இறக்குகிறேன்.
பூட்ஸுக்குள், இரண்டு காலுறைக்குள்,
எண் எழுதப்படாத ஒன்று
தாங்கிக்கொள்கிறது.

ஹாரன்.